ஜமீன்தாருக்கு ஒரு சூரியன்

புதுப்பாளையில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவார்கள், காப்பி குடிப்பார்கள், பிறகு காலை நீட்டி உட்கார்ந்து எலும்புக்குள் பசை ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றாமல் வாசல் தாண்டியவர் முழுதாக வீடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. போன வாரம் பசை போட மறந்த ஒருவர் தும்மினார். விலா எலும்பு இரண்டு போயிற்று. அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேவலம், ஒரு தும்மலுக்கா?

செவ்வாய்க் கிரகத்தின் செம்மண்ணுக்கு வெகு கீழே குடைந்து கட்டிய ஊர் அது. மூன்று தலைமுறையாக யார் மேலும் வெயில் பட்டதில்லை. அதனால் ஊரே வெளுத்துப் போயிருந்தது. சாதாரண வெளுப்பு இல்லை. சுண்ணாம்புச் சுவரோரம் ஓர் ஆள் நின்றால் சட்டை மட்டும் தனியாகத் தொங்குவதுபோல் தெரியும். அப்படியும் பெண் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டுதான்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் போனார்கள்.

நாச்சியார் வீட்டில் இதுவரை மூன்று பேர் பிதுக்கியிருந்தார்கள்.

அவள் ஒரு பல்லி வளர்த்தாள். தார் பாலைவனத்து முள்வால் பல்லி. முட்டையாகக் கப்பலேறி வந்த வம்சம். முழங்கை நீளம். தொண்டையை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கிரகமே தனக்குக் குத்தகை பாக்கி என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். ஜமீன்தார் என்று பெயர் வைத்தாள். கீரைப் பண்ணை வேலை முடிந்து அவள் உள்ளே நுழைந்தால் அந்த ஜமீன்தார் மரியாதையெல்லாம் மறந்து ஓடி வந்து கூண்டுக் கம்பியைப் பிராண்டும். அவளைப் பார்த்ததும் ஓடி வருகிற ஒரே உயிர் அதுதான்.

அது இப்போது ஓடுவதில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தது. கீழ்த்தாடை ரப்பர்போல் வளைந்தது.

நாச்சியார் விசாரிக்காத இடமில்லை. கேட்டறிந்ததை வைத்துக் கூண்டை மாற்றினாள். ஒரு மூலையில் தட்டைக் கல், அதற்குமேல் சூட்டு விளக்கு. எதிர் மூலையில் குளிர்ச்சியாக ஒரு குகை. பல்லிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது; வெயிலும் நிழலுமாக மாறி மாறி உட்கார்ந்துதான் பிழைப்பை ஓட்டும். தன் அறையின் சூடேற்றியையும் கழற்றிக் கூண்டின் அடியில் பொருத்திவிட்டு, இவள் கம்பளிக்குள் நடுங்கினாள். கடைசியாக வந்தது புற ஊதா விளக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய்ச் சேரும்.

விளக்கு எரிந்ததும் அம்மா வடிவு அலறினாள்.

"ஏட்டி, அந்த வெளிச்சத்துப் பக்கம் போவாத! கறுத்துப் போயிருவ!"

"ஜமீன்தாருக்கும்மா. நான் மூஞ்சிய மூடிக்கிட்டுதான் தீனி வைக்கேன்."

மூடிக்கொண்டுதான் வைத்தாள். துப்பட்டாவைக் கண் வரைக்கும் சுற்றியிருந்தாள். வடிவுக்கு அது போதவில்லை. மகள் வேலைக்குப் போனதும் வீட்டு இயந்திரத்தைக் கூப்பிட்டாள். பொறியன் என்று பெயர்; சமையல், துடைப்பம், எலும்பு வைத்தியம் எல்லாம் அதன் தலையில்.

"இது பட்டா கறுக்குமால?"

"சற்றே பழுப்பாகும், அம்மா."

"பழுப்பா! தடுக்க என்ன செய்யணும்?"

"சாதாரணக் கண்ணாடி போதும். ஆனால் பல்லிக்கு அந்தக் கதிர் தேவை."

"பல்லிக்கா கல்யாணம்? ஒரு தகட்ட விளக்குக்கு அடியில சொருவு. நாச்சியாகிட்ட மூச்சு விடப்படாது."

"எனக்கு மூச்சு கிடையாது, அம்மா" என்றது பொறியன், சொருகியது. தினமும் அதைத் துடைத்துத் துடைத்து, இருப்பதே தெரியாமல் வைத்திருந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் நாச்சியாருக்குப் புரியாத நரகம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கல் சுட்டது. கீரையில் சுண்ணாம்புப் பொடி தூவினாள். ஜமீன்தாரின் முதுகு வளைந்தது. விளக்கை இன்னும் தாழ்த்தினாள். வாய் திறக்க முடியாமல் போயிற்று. கீரையை அரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். "இன்னும் என்னதான்டா வேணும் ஒனக்கு?" என்று கூண்டில் தலை சாய்த்து அழுதாள். அது நாக்கை மட்டும் ஒரு முறை நீட்டியது.

நாலாவது மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலை, ஜமீன்தார் தட்டைக் கல்மேல் கிடந்தது. உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. அது கல்லின் சூடு.

"எடுத்துப் போட நேரமில்லட்டி, வாசல்ல வந்துட்டாவ" என்று வடிவு கூண்டின்மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தினாள்.

நாச்சியார் முகம் கழுவிக் காப்பித் தட்டோடு வந்தாள். அழுது அழுது இன்னும் வெளுத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்தாள்.

"யாத்தீ! சுவரு எது, பொண்ணு எதுன்னே தெரியல!"

சொல்லி முடிப்பதற்குள் மளுக்கென்று ஒரு சத்தம். நாலு தம்ளர் காப்பி. அந்தப் பாரத்துக்கே நாச்சியாரின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே மடங்கிவிட்டது. கூண்டைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். பட்டுத்துணி நழுவியது.

பொறியன் வந்து கையைத் தடவிப் பார்த்தது.

"காலையிலதான பசை போட்டேன்?" என்றாள் நாச்சியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பசை இனி நிற்காது. ஜமீன்தாருக்கு வந்த அதே நோய். இந்த ஊரில் எல்லோருக்கும் அதுதான். தினம் சிறிது நேரம் இந்த விளக்கின் எதிரே உட்கார்ந்தால் எலும்பு கெட்டிப்படும். கண்ணாடியை எடுத்துவிட்டு."

"எந்தக் கண்ணாடி?"

பொறியன் வடிவைப் பார்த்தது. நாச்சியார் இடது கையைக் கூண்டுக்குள் விட்டு விளக்கை நோக்கி உயர்த்தினாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் விரல் இடித்தது.

"ஒனக்காகத்தாண்டி" என்றாள் வடிவு.

மாப்பிள்ளையின் அம்மா நடுவில் புகுந்தாள். "விடுங்க மைனி, எலும்பு ஒடியாத வீடு இங்க எங்க இருக்கு? எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. இந்தக் கலரு லேசுல கிடைக்குமா? விளக்கு கிளக்கெல்லாம் கல்யாணம் கழிச்சுப் பாத்துக்கிடலாம். போட்டோ எடுக்கணும்லா?"

நாச்சியார் கல்மேல் கிடந்த ஜமீன்தாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தாடையை ஒரு விரலால் தொட்டாள், அது மடங்கியது. கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"கண்ணாடிய எடு, பொறியா."

வடிவு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பொறியன் தகட்டை உருவியது. மூன்று தலைமுறைக்குப் பிறகு முதல் வெயில் அந்த ஒடிந்த வெள்ளைக் கையின்மேல் விழுந்தது.

நாச்சியார் கண்ணைத் துடைத்தாள். வந்தவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். இடது கை தானாகத் துப்பட்டாவைத் தேடியது.

"மூஞ்சிக்கு நேரா மட்டும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வச்சிரு" என்றாள்.

பொறியன் அவள் முகத்தை அளக்கத் தொடங்கியது.