ஒலியில்லாத பதிவு

அது வெள்ளிக்கிழமைதானா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அலுவலகம் முழுக்க அச்சுத்துணிச் சட்டைகளாக இருந்ததாக நினைவு, அந்த ஊரில் வெள்ளிதோறும் அதுதான் உடை, ஆகவே வெள்ளிதான்.

கானா நாட்டின் அக்ராவில் அந்தச் சிறு நிறுவனம் தையல்காரிகளுக்காக ஒரு செயலி செய்திருந்தது. வாடிக்கையாளரின் அளவுகளைப் போனில் சேமித்துக்கொள்ளலாம். திங்களன்று வெளியீடு. காலை ஒன்பது மணிக்குத்தான் ஒரு தையல்காரியை வைத்துச் செய்த சோதனையின் அறிக்கையும் வீடியோ பதிவும் முரண்படுவது தெரிந்தது.

தையல்காரி மாமே எகுவாவால் அளவைச் சேமிக்கவே முடியவில்லை என்று சோதனை நடத்திய அக்கோர்ஃபா எழுதியிருந்தாள். பதிவிலோ எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. கேட்டுப் பார்க்கலாமென்றால், மாமே எகுவா ஓர் இழவுக்காக டக்கொராடி போயிருந்தாள், போன் அணைந்திருந்தது.

"பொய் அறிக்கை எழுதுறவளை வெச்சுக்க முடியாதும்மா. இன்னிக்கே கிளம்பு," என்றார் முதலாளி அராபா.

அக்கோர்ஃபா அழவில்லை. செலோமைப் பார்த்தாள். வடிவமைப்புக்குத் துணை நிற்பவள் செலோம். பேசுவதைவிடப் பார்ப்பது அவளுக்குச் சுலபம்.

"மதியம் வரைக்கும் டைம் குடுங்க மேடம்," என்றாள் செலோம்.

பதிவை ஓட்டினாள். ஒலி இல்லை. மேலிருந்து எடுத்தது. மேசை, போன், திரை வெளிச்சத்தில் நிழலாகக் கைகள். இடது கையில் போன். வலது விரல் நேரே மூலையிலிருந்த மூன்று புள்ளிகளுக்குப் போனது, திறந்தது, சேமித்தது. பிறகு அந்த வலது கை விலகி மறைந்தது. இடது கை போனை நீட்டியது. மறுபக்கத்திலிருந்து ஒரு வலது கை வந்து வாங்கிக்கொண்டது.

செலோம் கண்ணை மூடி அந்தக் கைகளை மனதில் மறுபடி ஓட்டினாள்.

"என்னக்கா, தூங்கிட்டியா?" என்று சிரித்தான் லார்யா. திரைகளை வடிவமைத்தவன். கையில் பாதி தின்ற கென்கி என்ற சோளமாவு உருண்டை, பொரித்த மீன்.

"மைக் என்னாச்சு?"

"கெட்டுப்போச்சு."

"சோதனை அறைச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, அக்கோர்ஃபாகிட்ட ஒண்ணு. ஏன், போலீஸ்ல சேந்துட்டியா?"

செலோம் தன் போனை இடது கையால் அவனிடம் நீட்டினாள். அவன் முகம் சுருங்கியது.

"என்னக்கா இது, இடது கையால! ஒரு மன்னிப்புகூடக் கேக்காம..."

"பதிவுல அந்தம்மா இப்படித்தான் குடுக்குறாங்க. வலது கை சும்மாதான இருந்துது, அது எங்க போச்சு?"

அராபா எழுந்து வந்தார்.

"அது அந்தப் பக்கம் போய் வாங்கிட்டு இருந்துது மேடம். எல்லாக் கையும் ஒரே ஆளோடது. எதிர்ல ஆள் இருந்தா யாரும் இடது கையால குடுக்க மாட்டாங்க. தனியா இருக்கும்போது இடது கை யாருக்கும் குத்தமா தெரியாது."

"யாரு?"

"சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. தன் அறிக்கையைத் தானே பொய்யாக்க அக்கோர்ஃபாவுக்கு என்ன பைத்தியமா? சேமிக்கிற இடம் மூலையில ஒளிஞ்சிருக்கு. புது ஆளோட விரல் கொஞ்சமாவது அலையும். இது அலையவே இல்ல. அங்க கொண்டுபோய் வெச்சவனோட விரல்."

லார்யா கென்கியைக் கீழே வைத்தான்.

"அழகா இருக்குன்னு அங்க வெச்சேன் மேடம். வெளியீடு தள்ளிப்போயிடுமோன்னு பயந்து, நானே தனியா ஒலி இல்லாம எடுத்து பதிவை மாத்திட்டேன்."

வெளியீடு தள்ளித்தான் போனது. சேமிக்கும் பொத்தான் இப்போது திரையின் நடுவில், பச்சையாக இருக்கிறது. அக்கோர்ஃபா அதே வேலையில் இருக்கிறாள். லார்யாவை அனுப்பவில்லை, ஒவ்வொரு சோதனையிலும் பின்னால் வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்பது தண்டனை. அது அவனுக்குப் பிடித்துப்போனதாகக் கேள்வி. மாமே எகுவா அராபாவுக்கு ஒரு கவுன் தைத்தாள், அளவு கச்சிதம். செலோம் இன்னமும் அதிகம் பேசுவதில்லை.