பூஜ்யத்தை விட்டு நகராத மீட்டர்

மத்தியானம் போன கரண்ட் இன்னும் வரவில்லை. ஆனாலும் இயற்பியல் ஆய்வகத்தில் மின்தடை அளக்கும் மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. அங்கே ஆராய்ச்சி செய்யும் ரெஹானாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. 2008, ரமலான் மாதம். உத்தமபாளையம் பக்கத்து அந்தக் கல்லூரிக்கு மின்வெட்டு ஒன்றும் புதிதல்ல. காதைத் துளைக்கும் குளிரூட்டும் எந்திரம் அடங்கிவிட, பேட்டரியில் ஓடும் மீட்டர் மட்டும் பச்சை வெளிச்சத்தோடு விழித்திருக்க, ஜன்னல் வழியே வயல்காட்டு ஈரமும் எங்கோ வெங்காயம் வதங்கும் வாசமும் வந்து அவளுடைய நோன்பு வயிற்றைக் கிண்டிக்கொண்டிருந்தன.

எந்திரத்துக்குள் இருந்தது டைட்டானியமும் செலினியமும் சேர்ந்த படிகச் சில்லு. குளிர்ந்தால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி அலையலையாய் நின்றுவிடும். நடுவே செம்பு அணுக்களைத் தாறுமாறாய்ச் செருகினால் வரிசை கலையும். இன்னும் குளிர வைத்தால், கலைந்தவை ஜோடி சேர்ந்து மின்தடையே இல்லாமல் ஓடும். எல்லாம் கடுங்குளிரில் மட்டும் நடக்கும் கூத்து. இப்போதோ சில்லு அறையைப் போலவே வெதுவெதுப்பாகிவிட்டது; மீட்டர் தடையைக் காட்டியாக வேண்டும்.

உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், திரும்ப வந்து எட்டிப் பார்த்தாள். ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்று கழற்றினாள். மீட்டரைச் சோதிக்க லேபில் எல்லாரும் செய்கிற மாதிரி, இரண்டு முனைகளையும் இரண்டு கை விரல்களால் பிடித்தாள். மனித உடம்பென்றால் தடை லட்சக்கணக்கில் ஏற வேண்டும்.

பூஜ்யம்.

வேறு மீட்டரை எடுத்தாள். அதிலும் பூஜ்யம்.

காலையில் படிகத்தை செலோடேப்பால் ஏடு ஏடாக உரித்திருந்தாள். உரித்த டேப்பை மேஜையில் வைத்தால் தூசி படியும் என்று புறங்கையில் ஒட்டிக்கொள்வது அவள் வழக்கம்; கையுறை போடச் சோம்பல். இப்போது அங்கே ஒரு மினுமினுப்பு. தேய்த்தாள். போகவில்லை. தோலுக்கு அடியில் இருந்தது.

மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பு இல்லை. கழுத்திலும் இல்லை. வேறென்னவோ ஓடியது. விட்டு விட்டு அல்ல. ஒரே சீராக, நிற்காமல். இவ்வளவு பயத்துக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க வேண்டுமே. அடிக்கவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம். பள்ளிவாசல் கஞ்சித் தூக்கோடு கணவன் அமானுல்லா; அவனுக்கு முன்னால் நாலு வயது மகள் அப்ரின் ஓடி வந்தாள்.

“நோம்பு தொறக்க நேரமாச்சு. இருட்டுக்குள்ள இங்கன என்ன பண்ற?”

“கிட்ட வராதீக! பிள்ளையப் பிடிங்க!”

அதற்குள் அப்ரின் அவள் கையைக் கட்டிக்கொண்டுவிட்டாள். ரெஹானா உதறினாள். தள்ளினாள். பிள்ளை தரையில் விழுந்தது. அழவில்லை. ரெஹானா மண்டியிட்டு அதன் நெஞ்சில் காதை வைத்தாள். அல்லாவே, ஒரு துடிப்பு. ஒன்றே ஒன்று.

இல்லை. மெல்லிய ஓட்டம். முடிவில்லாமல்.

“பச்சப்புள்ளய யாராச்சும் இப்பிடித் தள்ளுவாகளா?” அமானுல்லா தூக்கைக் கீழே வைத்தான்.

கத்த வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை.

பாங்கு தொடங்கியது. கண் இமைக்காமல் அப்ரின் தன் அத்தா அமானுல்லாவைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் குனிந்தான்.