எட்டு எண்ணி வரும் குரல்

"கூட பாடிக்கினு இருந்த பொண்ணு போயிடுச்சாம்மா? ஒரு டீ கூட குடுக்காம அனுப்பிட்டியே," என்றார் லாசர் உள்ளறையிலிருந்து.

ஜான்சி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். வீட்டில் அவளையும் அப்பாவையும் தவிர யாருமில்லை. சமையலறை முழுக்கக் கொதித்து அடங்கிய சங்கரா மீன் குழம்பின் வாசனை. ஜன்னலுக்கு வெளியே கடற்கரைக்குப் போகும் பெசன்ட் நகர் கூட்டத்தின் இரைச்சல், அதற்குள் ஒரு ஆட்டோவின் ஹாரன், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் கிறீச்சல்.

"யாரும் வரல நைனா. நான் மட்டுந்தான் பாடிட்டிருந்தேன்."

"கண்ணுதான் போச்சு, காது போவல. நீ முன்னாடி, அது பின்னாடி. நல்லாத்தான் கீது."

சர்க்கரை நோய் அவர் கண்களை எடுத்து நான்கு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அவருக்கு மகள் என்றால் குரல்தான். அறைக்குள் நுழையும்போதெல்லாம் "நான்தான் நைனா" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் காலடிச் சத்தம் மட்டும் கேட்டால், கடலில் முப்பது வருஷம் வலை இழுத்த மனிதர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார்.

ஜான்சிக்குத் தேனாம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன், அதில் யாராவது கோபப்படுவார்கள். பிறகு பேருந்து, சமையல், அப்பாவுக்கு ஊசி, இரவில் மூன்று தடவை எழுந்து அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது. தூங்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அப்பா ஒரு ராத்திரி முழுக்க எழாமல் தூங்கினால் அவளும் தூங்கலாம்.

அவளுக்கென்று இருந்தது சனிக்கிழமை இரண்டு மணி நேரம். அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பதினோரு பேர் கூடி, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பிய மடங்களில் பாடிய பாட்டுகளைப் பாடுவார்கள். நீரஜா அவற்றைப் பழைய சுவடிகளின் படங்களிலிருந்து எடுத்து, சதுரம் சதுரமான சுரக்குறிகளைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பாள். இந்த மாதம் எடுத்திருந்தது துரத்திப் பாடும் பாட்டு.

அது வேலை செய்கிற விதம் அழகானது. சுவடியில் ஒரே ஒரு மெட்டுதான் இருக்கும். ஒருவர் அதைப் பாடத் தொடங்குவார். எட்டு எண்ணிக்கை கழித்து இன்னொருவர் அதே மெட்டை முதலிலிருந்து தொடங்குவார். முன்னவர் இப்போது பாடுவதும் பின்னவர் பாடுவதும் மோதாமல் இழையும்படி அந்த மெட்டைப் பின்னியிருப்பார்கள். முன்னவர் முடித்த பிறகு பின்னவருக்கு மட்டும் எட்டு எண்ணிக்கை மிச்சம் இருக்கும். பின்னவருக்கென்று தனியாக எதுவும் எழுதுவதில்லை. முன்னால் போகிறவர் செய்வதே அவருடைய பாட்டு.

"பின்னாடி வர்றவாளுக்கு இடம் விட்டுப் பாடுங்கோ," என்பாள் நீரஜா. தனியாகப் பாடிப் பழகும்போதும் ஜான்சி இடம் விட்டே பாடினாள்.

மறுநாள் மாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடி, முடித்துக் கத்தியைக் கீழே வைத்தாள். கூடத்து இருட்டில் பாட்டின் கடைசித் துண்டு தொடர்ந்தது. அவளுடைய குரல், அவளுடைய லேசான கரகரப்பு. எட்டு எண்ணிக்கை. பிறகு ஏதோ பலகையில் கத்தி வைக்கிற சத்தம்.

அவள் நீரஜாவைப் போனில் கூப்பிட்டாள்.

"சின்ன வீடுதானே ஜான்சி, எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி எட்டு எண்ணிக்கை கழிச்சா வரும்?"

கணக்கு எளிது. எட்டு எண்ண ஆறு விநாடி ஆகும். ஆறு விநாடி கழித்துச் சத்தம் திரும்ப வேண்டுமானால் சுவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஜான்சியின் கூடம் பன்னிரண்டு அடி.

நீரஜா சிரித்தாள். "நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு? ஒண்ணு மட்டும் சொல்றேன், வேகத்தைக் குறைக்காதீங்கோ. முன்னாடி போறவா தளர்ந்தா பின்னாடி வர்றவா மேல வந்து ஏறிடுவா. போன வாரம் உங்களுக்குப் பின்னாடி பாடின ஸ்ரீனிவாசராகவன் சார் உங்க மேல ஏறினாரே. அந்த மனுஷன் பஸ்ஸுக்கு ஓடற மாதிரின்னா பாடறார்."

ஜான்சி பாட்டை நிறுத்தினாள். ஆனால் அது பாட்டோடு நிற்கவில்லை.

திங்கட்கிழமை, "தண்ணி வேணுமா நைனா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா."

அவள் குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது லாசர் மறுபடியும் குரல் கொடுத்தார். "அதான் வேணாம்னு சொன்னேனே, எத்தினி தபா கேப்பே?"

குழாயை மூடினாள். கூடத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து அதுவும் நின்றது. அவள் மனதுக்குள் எண்ணியிருந்தாள். ஆறுதான் வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் சோர்ந்து ஒரு மூச்சு அதிகம் எடுத்தால், படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால், கரண்டியைப் பிடித்தபடி கண் சொருகினால், அந்த இடைவெளியில் ஒன்று குறைகிறது. அவளுக்குக் களைப்பு இருந்தது. அதற்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு.

புதன்கிழமை அவள் பேசாமல் இருந்து பார்த்தாள். முன்னவர் மௌனமாக இருந்தால் பின்னவருக்கும் மௌனம்தானே பாட்டு? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். விளக்கைப் போட்டாள். வீடு அமைதியாக இருந்தது. மின்விசிறி மட்டும் ஒரு பக்கம் இடித்து இடித்துச் சுற்றியது. தட்டில் சோற்றைப் போட்டு உள்ளறைக்குக் கொண்டுபோனாள்.

"யாரு?" என்றார் லாசர்.

அவள் தட்டை அருகில் வைத்தாள்.

"யாரு அது? ஜான்சி? யாருன்னு சொல்லு." அவர் கை கட்டில் சட்டத்தைத் தேடியது. தட்டு கவிழ்ந்தது. தலையைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இல்லாத யாரையோ தடுப்பது போல ஒரு கையை நீட்டினார். உதடு கோணியது.

எவ்வளவு நேரம் தாங்குவாள்?

"நான்தான் நைனா."

"நான்தான் நைனா," என்றது வாசல் நிலைக்குப் பக்கத்திலிருந்து. இரண்டு எண்ணிக்கை.

லாசர் மூச்சு விட்டார். "ஏம்மா இப்பிடிப் பண்றே?"

அன்று ராத்திரி மூன்று தடவையும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். அவளுடைய ஒவ்வொரு காலடிக்கும் ஒட்டினாற்போல இன்னொரு காலடி விழுந்தது.

வியாழக்கிழமை அவள் பேசியபோது எந்தக் குரலும் பின்னால் வரவில்லை. தப்பித்தோம் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கவனித்தாள். அவள் குரல் தடித்திருந்தது. இரண்டு பேர் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடினால் வரும் தடிப்பு. அது வந்து சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே வந்தாள். வெயில். மூன்று மாடிப் படி. இரண்டாம் மாடியில் நின்றாள், கால் வரவில்லை. மறுபடி ஏறிப் பூட்டில் சாவியை நுழைத்துத் திறந்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான் நைனா," என்றது அவள் குரல் உள்ளறையிலிருந்து.

"வந்துட்டியா? இன்னா சீக்கிரமாட்டம் கீது."

ஜான்சி வாசலிலேயே நின்றாள். வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

அவள் வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை. "நான்தான் நைனா." மூச்சே இல்லாத குரல். அப்பாவுக்குக் கேட்டிருக்காது.

கால்கள் கூடத்தைக் கடந்து அவளைக் கொண்டுபோயின. அறை வாசலில் நின்றன.

லாசர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. ஆனால் மெத்தையின் விளிம்பு பள்ளமாகியிருந்தது. அவருடைய வலது கை காற்றில் நின்றது. அதன் விரல்கள் நெருங்கி, அழுத்தத்தில் வெளுத்திருந்தன. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப களைச்சுப் பூட்டே இல்ல? நானே உன்னைத் தூங்க வுடாம பண்றேன்."

"தூங்கலாம் நைனா," என்றது பள்ளத்துக்கு மேலிருந்து அவள் குரல். அன்பாக.

ஒன்று. இரண்டு.

யாரோ தாங்கிச் சாய்ப்பது போல அவர் தலை மெல்லப் பின்னால் போய்ப் படுத்தது.

மூன்று. நான்கு.

நைனா, எழுந்திரு. கத்த வேண்டும். வாய் அசையவில்லை. முன்னால் போகும் குரல் அதைச் சொல்லவில்லை.

ஐந்து.

கால்மாட்டிலிருந்த தலையணை எழுந்தது. இரண்டு பக்கமும் விரல்கள் பதிந்த பத்துப் பள்ளங்கள்.

ஆறு. ஏழு.

தலையணை இறங்கியது.

"தூங்கலாம் நைனா," என்றாள் ஜான்சி.

அவள் கைகள் இரண்டும், வெறும் காற்றைப் பிடித்தபடி, மெல்ல எழுந்தன.