ஆறாவது கம்பி

கிடாரில் ஐந்து கம்பிகள்தான் இருந்தன. காலையில்தான் ஷ்யாமளா அதைத் துடைத்து வைத்தாள். ஆறாவது கம்பி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனாலும் மத்தியானம் மழை சற்று ஓய்ந்து, மாட்டுங்கா ஸ்டேஷனை விட்டு நகர்ந்த ரயிலின் இரைச்சல் தேய்ந்து மறைந்த இடைவெளியில், உள் அறையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. கனமான சத்தம். அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்துகொள்கிற சத்தம். சின்ன வயதிலிருந்து வீணை கற்றவள் அவள். மிச்சமிருந்த ஐந்து கம்பிகளில் எதுவும் அவ்வளவு கீழே போகாது.

அரிசி களைந்த கையோடு போய்ப் பார்த்தாள். அந்த அறைக் கதவு மழைக்கு ஊறி உப்பியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, அப்புறம் தோளால் தள்ளினால்தான் திறக்கும். அந்தச் சூட்சுமம் பிடிபட அவளுக்கு இந்த மழைக்காலம் முழுவதும் ஆகியிருந்தது. உள்ளே கிடார் அதே மூலையில்தான் சாய்ந்திருந்தது. ஈரச் சுவரின் வாசனை, அந்துருண்டை வாசனை, அவற்றுக்கெல்லாம் அடியில், பல நாள் தலையிலேயே இருந்து வாடி அழுகிய மல்லிகைச் சரத்தின் வாசனை. இந்த வாரம் அவள் பூவே வாங்கவில்லை.

'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் அது விலை போய்விடும். பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. வெளிநாடு போன சிநேகிதன் விட்டுவிட்டுப் போனது என்று கல்யாணமான புதிதில் சுந்தரராமன் சொல்லியிருந்தான். அது இருக்கும் அறையில் அவன் ஒரு நாளும் படுத்ததில்லை. இருவருக்கும் படுக்கை ஹாலில்தான். இப்போது ஷ்யாமளாவின் வயிற்றில் ஒரு குழந்தை. அந்த அறையில் தொட்டில் கட்ட வேண்டும், ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்துப் போட வேண்டும், பிறகாவது இது தன் வீடு என்று தோன்ற வேண்டும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"அது போயிடுத்துன்னா அந்த ரூம் உனக்குத்தான் ஷ்யாமு," என்று காலையில் டை கட்டிக்கொண்டே சொன்னான் சுந்தரராமன். "பேரமெல்லாம் பேசாதே. யாராவது லேடி வந்தா அவாளுக்கே குடுத்துடு. என்ன குடுத்தாலும் சரி, ஒண்ணும் குடுக்காட்டாலும் சரி. உன் கையால எடுத்துக் குடுத்து அனுப்பிடு."

"ஒண்ணும் குடுக்காட்டாலுமா? நாம என்ன சத்திரமா நடத்தறோம்?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நீங்களும் இருங்கோளேன். வெளி மனுஷா வரப்போறா, ஆத்துல நான் ஒருத்தி..."

"ஆபீஸ்ல ஆடிட் நடக்கறது. ஏழு மணிக்கு வந்துடுவேன்." கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. "நான் குடுத்தா சரிப்படாது."

ஏன் சரிப்படாது என்று கேட்பதற்குள் மாடிப்படி இறங்கிவிட்டான். விளம்பரத்திலும் அவள் பெயரைத்தான் போட்டிருந்தான்.

நல்லவேளை, எதிர் வீட்டு ருக்கு மாமி இருந்தாள். தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, முறத்தில் பீன்ஸும் கத்தியுமாகக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"கதவை விரியத் தொறந்து வெச்சுக்கோ. வர்றவாளை ஹாலைத் தாண்டி விடாதே, பொருளை இங்க கொண்டு வந்து காட்டு. எங்காத்து மாமா இப்படித்தான், தையல் மிஷினை விக்கறேன்னு ஒருத்தனை உள்ள கூட்டிண்டு போனார். மிஷின் இன்னும் இருக்கு. மாமாவோட வாட்ச்தான் போச்சு!"

முதலில் வந்தவர் தாராவியிலிருந்து சலாவுதீன். கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கிறவர். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. குடையை வாசலுக்கு வெளியே சாய்த்துவிட்டு, ஹால் ஓரத்திலேயே உட்கார்ந்து கிடாரை மடியில் வாங்கிக்கொண்டார்.

"ஏ தங்கச்சி, இந்தக் கம்பி அந்து போகலயே. அந்திருந்தா முனை ஆணியில சுத்திக்கிட்டுக் கெடக்கும். யாரோ மெனக்கெட்டுக் களத்தி எடுத்திருக்காவ." மாமியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஒத்தக் கம்பிய மட்டும் எதுக்கு களத்துவாவ? துணி காயப் போடவா?"

மாமி சிரிக்கவில்லை. பீன்ஸ் நறுக்கும் கத்தி நின்றிருந்தது.

அவர் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கிடாரைத் தரையில் மெதுவாகக் கிடத்தினார், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதைப் போல.

"எனக்கு வேண்டாம்மா."

"விலை ஜாஸ்தின்னா பார்த்துக் குடுங்கோ..."

"வெலைக்குச் சொல்லலம்மா. மழைக்காலத்துல மரம்னா சில்லுனு இருக்கணும். இது காய்ச்சக்காரன் உடம்பு மாதிரில்லா சுடுது." எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "யாரு வந்தாலும் கதவத் தொறந்து வச்சே பேசுங்க. நானே திரும்பி வந்தாலும் சரிதான்."

அவர் காலடிச் சத்தம் கீழே போய் மறைந்ததும் மாமி தணிந்த குரலில் கேட்டாள்: "அதை இன்னுமா ஆத்துல வெச்சிண்டிருக்கான்?"

"உங்களுக்குத் தெரியுமா மாமி? அது யாரோடது?"

மாமி முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "பஜனைக்கு நாழியாயிடுத்து. உன் ஆம்படையானையே கேட்டுக்கோ கொழந்தே. நாங்க சொல்லி, அப்புறம் எங்களுக்குப் பொல்லாப்பு." வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள், படிக்கட்டில் ஒரு கணம் நின்று, திரும்பி வந்து ஷ்யாமளாவின் கன்னத்தைத் தடவினாள். அப்புறம் இறங்கிப் போய்விட்டாள்.

மல்லிகை வாசனை ஹாலுக்கும் வந்துவிட்டதால் கிடாரைத் தூக்கிக்கொண்டு போய் உள் அறையிலேயே வைத்தாள் ஷ்யாமளா. மேகம் இறங்கி, சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. மாடியில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம், தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், குழாயின் தொண்டையில் தண்ணீர் கரகரக்கும் சத்தம். வெள்ளிக்கிழமை. முகம் கழுவி, திரி போட்டு, சுவாமி விளக்கை ஏற்றி நமஸ்காரம் பண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"கிடார் விக்கறதாப் போட்டிருந்தேளே."

படியேறி வந்த சத்தம் கேட்கவில்லை. தன் வயதுதான் இருக்கும். வெளிர் பச்சைப் புடவை. வெளியே அப்படிக் கொட்டுகிற மழையில் அந்தப் புடவையின் ஓரம்கூட நனைந்திருக்கவில்லை. வெறுங்கால். வாசலில் செருப்பு இல்லை. நெற்றியில் பொட்டு இல்லை. கிறிஸ்தவப் பெண்ணோ என்று நினைத்தாள். ஆனால் பேச்சு இந்தத் தெருவின் பேச்சு. கழுத்தில் தாலிச் சரடு இருக்க வேண்டிய இடத்தில், மெல்லியதாக, கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"வாங்கோ. கொஞ்சம் உக்காருங்கோ, நான் இங்கேயே எடுத்துண்டு வரேன்..."

அவள் உட்காரவில்லை. ஹாலைத் தாண்டி நேராக நடந்தாள். உள் அறைக் கதவின் கைப்பிடியைப் பற்றினாள். கொஞ்சம் மேலே தூக்கினாள். தோளால் தள்ளினாள். கதவு திறந்துகொண்டது.

ஷ்யாமளா பின்னாலேயே போனாள். "உங்களுக்கு எப்படி..."

"மழைக்கு ஊறும். எல்லா வருஷமும் ஊறும்." அவள் கிடாருக்கு முன்னால் போய் நின்றாள். தொடவில்லை. "நீங்க எடுத்துக் குடுங்கோ. நானா எடுத்துக்கப்படாது."

குனிந்து கை நீட்டிய ஷ்யாமளா, தன் கையின் நிழல் சுவரில் அசைவதைப் பார்த்ததும் நிறுத்தினாள். விளக்கு. "ஐயோ, விளக்கு வெச்சுட்டேனே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வெச்சப்புறம் ஆத்துலேர்ந்து ஒரு சாமானை வெளியில குடுக்கறதில்லை. தப்பா நினைச்சுக்காதீங்கோ. நாளைக்குக் காலம்பற வாங்கோளேன், உங்களுக்குத்தான்."

"இப்பவே குடுத்துடுங்கோ. நான் போயிடறேன்." அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. "இப்போ குடுக்கலைன்னா அப்புறம் என்னால போக முடியாது."

ரயிலைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தாள் ஷ்யாமளா. பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எப்படியாவது இவளை மரியாதையாக வழியனுப்பிவிட வேண்டும். விளக்கு வைத்த நேரத்தில் வீடு தேடி வந்த பெண்ணை வெறும் நெற்றியோடு அனுப்பலாமா? தானாக ஹாலுக்குப் போய், விளக்கடியிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள்.

அந்தப் பெண் சிமிழைப் பார்த்தாள். பட்டினி கிடந்தவள் சாதத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எனக்கா?"

"எடுத்துக்கோங்கோ."

"நீங்களே வெச்சு விடுங்கோ. இந்தாத்துக்காரி வெச்சு விட்டா, அப்புறம் அதை யாரும் அழிக்கப்படாது. தெரியுமோன்னோ?"

ஷ்யாமளா வைத்தாள். விரலுக்கு அடியில் நெற்றி ஈரச் சுவரைப் போல் இருந்தது. கொஞ்சம் உதிர்ந்தது.

"எத்தனை காலம் ஆச்சு," என்றாள் அவள். கெஞ்சல் போய்விட்டிருந்தது. ஹாலுக்கு வந்தாள். கோணலாகத் தொங்கிய படத்தை நேராக்கினாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். "சுண்ணாம்பு அடிச்சாச்சா? உங்கப்பா வந்தப்போ அடிக்கலை."

"எங்கப்பாவா?"

"இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தார். 'ரெண்டாந்தாரமானா என்ன, பொண்ணு காதுக்கு மட்டும் போக வேண்டாம்'னார். ருக்கு மாமிதான் காப்பி போட்டுண்டு வந்தா. எல்லாரும் குடிச்சா. நான் அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னுண்டிருந்தேன்."

கல்யாணத்தன்று அப்பா அழுதார். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று நினைத்திருந்தாள். பந்தலில் ருக்கு மாமி அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பாசம் என்று நினைத்திருந்தாள். எல்லோருக்கும் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

"உங்க பேரு?" சத்தம் வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நாகலக்ஷ்மி."

தூக்கத்தில் சுந்தரராமன் உளறுவான். 'நாகு, போறும். நாகு, விட்டுடு.' கேட்டால், ஊரில் இருந்த அத்தை என்பான்.

படிக்கட்டில் காலடி. அவனுடைய காலடி. ஷ்யாமளா வாசலை நோக்கி ஓடினாள். கடைசிப் படியில் சுந்தரராமன், கையில் சொட்டும் குடையோடு.

"ஏன்னா!"

அவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். அந்த நெற்றியைப் பார்த்தான். முகத்தில் பயம் வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை.

"குடுக்கலையா?" என்றான்.

"விளக்கு வெச்சுட்டேன்... அதனால..."

"குங்குமம் யாரு வெச்சா?"

அவள் விரல் நுனியில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. அவன் பார்வை அவள் முகத்துக்கு வந்தது. வயிற்றுக்கு இறங்கியது. ஒரு கணம் அங்கே நின்றது. அப்புறம் கையை நீட்டினான். தன்னை இழுத்துக்கொள்ளத்தான் என்று அவளும் கையை நீட்டினாள்.

அவன் கை கதவைப் பிடித்தது.

கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு சொடுக்கியது. காலடிகள் இறங்கின. ஓடவில்லை. நிதானமாகத்தான் இறங்கின.

"ஏன்னா! ஏன்னா!" கதவைத் தட்டினாள். உள்ளங்கை எரியத் தட்டினாள். மழை. எதிர் வீட்டில் பூட்டு. அவன் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் கதவுக்கு அடியில் கசிந்து, அவள் கால்விரலைத் தொட்டது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

கிறீச்.

நின்றது.

கிறீச்.

ஷ்யாமளா திரும்பினாள். விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், சொந்த வீட்டில் உட்காருவதைப் போல, நாகலக்ஷ்மி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கிடார். இப்போது அதை அவளுக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் விரல்கள் ஐந்தாவது கம்பியின் ஆணியைத் திருகிக்கொண்டிருந்தன. நிதானமாக. கம்பி தளர்ந்தது. ஆணியை விட்டுக் கழன்று, சுருள் சுருளாக அவள் மடியில் விழுந்தது.

அதை எடுத்து இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நெற்றிக் குங்குமம் இன்னும் ஈரமாக மின்னியது. முகத்தில் கோபமே இல்லை. கல்யாணத்துக்கு வந்த அக்காவின் முகம்.

"கொஞ்சம் குனிஞ்சுக்கோடி கொழந்தே," என்றாள். "தாலி கட்டறச்சே குனிஞ்சியே, அந்த மாதிரி."