கட்டம் தாண்டிய கறுப்பு

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நல்லதுதான் செய்ய நினைத்தேன்.

அண்ணன் ஒரு சதுரங்கப் பலகை செய்திருந்தான். பழைய அலமாரிக் கதவிலிருந்து அறுத்த பலகை. பன்னிரண்டு நாள் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முப்பத்திரண்டு கட்டங்களுக்கு மார்க்கர் பேனாவால் கறுப்பு அடித்தான். மூன்று பேனா காலி.

பலகை அவனுடைய நண்பனுக்கு. பதின்மூன்று வயதிலேயே உதட்டுக்கு மேல் நாலு முடி முளைத்துவிட்டதால் அவன் பெயரே எங்கள் தெருவில் மீசை என்றாகிவிட்டது. மீசையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வேன் கிளம்புகிறது.

சாமான் கட்ட உதவுவதற்காக அண்ணன் மீசை வீட்டுக்குப் போயிருந்தான். நான் பலகையைப் பார்த்தேன். எல்லாம் சரி, பளபளப்புதான் இல்லை. வாசல் கதவுக்குப் பூசியது போக மிஞ்சிய வார்னிஷ் டப்பா பால்கனியில் இருந்தது. அண்ணன் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று பிரஷ்ஷை முக்கி ஒரே இழுப்பு இழுத்தேன்.

கறுப்பு கிளம்பிவிட்டது.

ஆமாம், கட்டத்தை விட்டுக் கிளம்பி, பிரஷ் போன வழியெல்லாம் கூடவே வந்தது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுத்தேன். அங்கேயும் வந்தது. வெள்ளைக் கட்டம் எது, கறுப்புக் கட்டம் எது என்றே தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்!

மணி இரண்டேகால். நாலு மணிக்கு அண்ணன் வந்துவிடுவான்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் தையல் மெஷின் நின்றது.

"என்னடி, சத்தமே காணோம்? என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லம்மா!"

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

நல்லவேளை, மெஷின் மறுபடி ஓடியது.

கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிடலாமா? பூனை தட்டிவிட்டது என்று சொல்லலாமா? எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. பயத்தில் புத்தி இப்படியெல்லாம் போகும்.

வார்னிஷ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், 'பிரஷ்ஷைக் கழுவ டர்பன்டைன் பயன்படுத்தவும்' என்று போட்டிருந்தது. பிரஷ்ஷில் இருக்கும் வார்னிஷ் போகுமென்றால் பலகையில் இருப்பதும் போகுமே! டர்பன்டைன் பாட்டிலும் பக்கத்திலேயே இருந்தது.

மூடியைத் திறந்த கை அப்படியே நின்றது. யோசிக்காமல் ஒரு தடவை இழுத்ததற்கே இந்தக் கதி. இன்னொரு தடவை இழுத்தால்?

பலகையை அறுத்தபோது மிஞ்சிய துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதே மரம். அதில் மார்க்கரால் கிறுக்கி, வார்னிஷ் தடவி, டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தேன். வார்னிஷ் போயிற்று. கறுப்பும் முக்கால்வாசி போயிற்று. வெயிலில் காயவைத்து உப்புத்தாளால் தேய்த்ததும் பழைய மரம் வெளியே வந்தது.

அப்புறம்தான் பலகையில் கை வைத்தேன். துடைத்து முடித்தபோது அது முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. இப்போது அதில் கட்டமே இல்லை. அண்ணனின் பன்னிரண்டு நாளும் என் கையில் இருந்த அழுக்குத் துணியில் இருந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டே அந்தத் துண்டை மறுபடி எடுத்தேன். மார்க்கர் ஆகாது. வேறு எந்தக் கறுப்பு ஆகும்? ஒரு பக்கம் கிரேயான், ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலர். காய்ந்ததும் இரண்டின் மேலும் வார்னிஷ் இழுத்தேன். கிரேயான் குழைந்தது. போஸ்டர் கலர் அசையவில்லை. திரும்பவும் இழுத்தேன். ம்ஹூம், இருந்த இடத்திலேயே இருந்தது!

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது.

ஓடி ஒளியக் கால் துடித்தது. அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, பலகையைக் கெடுத்துட்டேன். வார்னிஷ் பூசினேன், கறுப்பெல்லாம் கலைஞ்சு போச்சு."

அவன் பலகையைப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு அவன் போயிடுவான்டி," என்றான்.

"தெரியும்ணா. இதை மட்டும் பாரு. அப்புறம் என்ன வேணா திட்டு." துண்டை அவன் மடியில் வைத்தேன். "தேய்ச்சா மரம் வருது. போஸ்டர் கலர் கலையல. ரெண்டு தடவை பூசிப் பார்த்தேன்."

அவன் அந்தத் துண்டை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் பார்த்தான்.

"உப்புத்தாள் எங்கே?" என்றான்.

அவன் தேய்த்தான், நான் தூசியைத் துடைத்தேன். அவன் கோடு போட்டான், நான் கறுப்பு அடித்தேன். நடுவில் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன், சத்தமே இல்லைன்னு!" என்று தலையில் அடித்துக்கொண்டு, துடைக்கத் துணித்துண்டுகள் கொண்டுவந்து போட்டாள்.

கடைசிக் கட்டம் காய்ந்தபோது ஆறரை மணி. அண்ணன் வார்னிஷ் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினான்.

"நீயே பூசு."

"ஐயையோ, நான் மாட்டேன்!"

"நீதானே பரிசோதனை பண்ணினே? என் கை நடுங்குது."

"என் கை மட்டும் நடுங்கலையா?"

அவன் பிரஷ்ஷைக் கீழே இறக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்துக் கட்டத்தில் மெல்ல இழுத்தேன். கறுப்பு நின்றது. அடுத்த கட்டத்துக்குப் போனேன். அதுவும் நின்றது. அறுபத்து நாலு கட்டமும் முடிந்த பிறகுதான் மூடிய கண்ணைத் திறந்தேன்.

காலையில் தொட்டால் விரல் ஒட்டவில்லை. வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மீசையிடம் அண்ணன் பலகையை நீட்டினான். மீசை அதை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். என்ன தேய்த்தும் போகாமல் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் சாம்பலாகவே இருந்தது. அவன் விரல் நேராக அங்கேதான் போனது.

"இது என்னடா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன். பிறகு, "அது என் வேலை. மார்க்கர் மேல வார்னிஷ் பூசிட்டேன்," என்றேன்.

மீசை சிரித்த சிரிப்பில் அந்த நாலு முடியும் ஆடின. "அப்போ லீவுக்கு வரும்போது இதுல முதல் ஆட்டம் உன்கூடதான். உங்க அண்ணன்கிட்ட கத்துக்கிட்டு ரெடியா இரு."

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அண்ணன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"வா, குதிரை எப்படிப் போகும்னு சொல்லித் தரேன்."

"அதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் விளையாடறதைப் பார்த்தே எனக்குத் தெரியும்," என்றேன். "நீ உன் ராஜாவைப் பத்திரமா பார்த்துக்கோ."