திருப்பிச் சொல்பவள்

“யாரு அவ? அதை மட்டும் சொல்லு.”

“எவ? அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“நான் முட்டி உடைஞ்சு கட்டில்ல கிடக்கேன். நீ அங்க போய் என் இடத்துக்கு ஆள் பிடிச்சு…”

“ஆளாவது பேராவது! ஒண்டியாத்தான் வந்தேன், ஒண்டியாத்தான் எண்ணுறேன்.”

“நீ அனுப்பின பதிவை நாலு தடவை போட்டுக் கேட்டாச்சுடி. நீ ‘நாப்பது’ங்குற. அவளும் ‘நாப்பது’ங்குறா. முதல் நாள் காத்துன்னு விட்டுட்டேன். ரெண்டாம் நாள் யாரோ சளி பிடிச்சவ மாதிரி இருந்தது. நேத்து அப்படியே என் குரல்! மூக்கை உறிஞ்சுறது உட்பட. என்னைக் கேலி பண்ணத்தான் கூட்டிட்டுப் போனியா?”

“அக்கா, சத்தியமா…”

அக்கா போனை வைத்துவிட்டாள். கோபம் வந்தால் அவள் எப்போதும் அப்படித்தான். சத்தியம் வரைக்கும் காத்திருக்க மாட்டாள்.

சின்னவள் கைப்பேசியைப் படுக்கையில் போட்டுவிட்டு விடுதி அறையின் ஜன்னலோரம் நின்றாள். ஐம்பத்தெட்டு வயதிலும் வீட்டில் அவள் பெயர் சின்னவள்தான். கீழே துறைமுகம் டீசலும் ஈர வலையுமாக நாறிக்கொண்டிருந்தது. தனியாக ஊர் சுற்றுவது வாழ்நாளில் இதுவே முதல் தடவை. மூன்று நாளும் அவளுக்குக் கொண்டாட்டமாகத்தான் போயிருந்தது. மீன் ஏலக்கூடத்தில் பூனைகள் தராசின் கீழே வரிசை பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். படகுத்துறைப் படியில் ஒரு நீர்நாய் மல்லாந்து படுத்து நண்டை உடைத்துத் தின்றதைப் பார்த்தாள். ஒரு கடற்காகம் அவள் கையிலிருந்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு போனபோது, திட்ட ஆள் இல்லாமல் தனக்குத்தானே சிரித்தாள்.

ஆனால் வந்தது ஊர் பார்க்க அல்ல. இந்தக் கழிமுகத்துக்கு வலசை வரும் பறவைகளை, பறவை ஆர்வலர் சங்கத்துக்காக அக்காவும் தங்கையும் பத்தொன்பது வருடமாக எண்ணி வருகிறார்கள். வருடத்துக்கு நான்கு நாள். ஒரு நாள் விட்டாலும் கணக்கு செல்லாது. “தனியா ஒரு அம்மாவால முடியுமா? வேணும்னா வேற குழுவுக்குக் கொடுத்துடலாமே” என்று செயலாளர் இழுத்திருந்தார். மூன்று நாள் முடிந்துவிட்டது. இன்று நாலாவது.

சகோதரிகளின் முறை எளிது. ஒருத்தி தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணிக்கையை உரக்கச் சொல்வாள். மற்றவள் பறவைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதே எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவாள். திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த எண். எண்ணுகிறவளுக்குக் கண் வலித்தால் எழுதுகிறவள் நோட்டை மூடிவிட்டு, “இப்ப நான் எண்ணுறேன், நீ திருப்பிச் சொல்லு” என்பாள், இடம் மாறிக்கொள்வார்கள். இந்த முறை அக்கா இல்லாததால், கைப்பேசியில் பதிவு செய்து சாயங்காலம் அவளுக்கு அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு.

சின்னவள் நேற்றைய பதிவைப் போட்டாள்.

காற்று. பலகை கிறீச்சிடும் சத்தம். அவள் குரல்: “எண்பது.” பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். “எண்பது.” அவள் குரல்: “தொண்ணூறு.” உறிஞ்சல். “தொண்ணூறு.”

அவள் கட்டிலில் உட்கார்ந்து அதையே மறுபடி போட்டுக் கேட்டாள். அந்தக் குரலைவிட வேறொன்றுதான் அவளை உறுத்தியது. திருப்பிச் சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. மூன்று நாளும் எங்கும் தடுமாறாமல், நிம்மதியாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். அப்படியென்றால் அது அவள் காதில் விழுந்திருக்கிறது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

சேற்றுக்கு நடுவே கால் நட்டுக் கட்டிய பலகைக் குடிலில் உட்கார்ந்துதான் எண்ணுவது, எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எதிரொலிக்கு ஜலதோஷம் பிடிக்குமா என்று உள்ளே ஒன்று கேட்டது. இன்று வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். எண்ணை மனதுக்குள் சொல்லித் தானே நோட்டில் குறித்துக்கொண்டால் போயிற்று. இரண்டு மணி நேரம். விட்டால் பத்தொன்பது வருடமும் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

கரையில், குடிலுக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் சங்கிலிக்காரர் உட்கார்ந்திருந்தார். நீர் ஏறும் நேரத்தில் பாதையைச் சங்கிலி போட்டு மூடுவது அவர் வேலை.

“இன்னைக்கும் கிளம்பிட்டீங்களாம்மா? பறவைங்க உங்களுக்குச் சம்பளம் ஏதும் தருதா?”

“கடைசி நாள்ங்க. முடிச்சிட்டு ஓடிடுவேன்.”

“மூடுபனி வர்ற மாதிரி இருக்கு. நாலு மணிக்கு இங்க நிக்கணும். கண்ணு தெரியலைன்னா பயப்படாதீங்க, கம்பத்தை எண்ணிக்கிட்டே வாங்க. குடில்லேர்ந்து இருபத்திரெண்டு. இருபத்திரெண்டாவது கம்பத்துல என் சங்கிலி தொங்கும்.”

சேற்றுக்கு நடுவே கல் பாவிய பாதை. பக்கத்தில் பாசி படிந்த மரக்கம்பங்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். அவள் ஏணியில் ஏறிக் குடிலுக்குள் போய், பலகை ஜன்னலைத் திறந்து, தொலைநோக்கியை வைத்தாள். வெளியே உள்ளான் குருவிகள் சேற்றைக் குத்திக் குத்தி நகர்ந்துகொண்டிருந்தன; ஆயிரம் சின்ன அலகுகள் ஈர மண்ணிலிருந்து வெளியே வரும் அந்த ‘ப்ளக், ப்ளக்’ சத்தமும் அழுகிய பாசியின் உப்பு நாற்றமும் தூரத்தில் எங்கோ ஒரு படகு இருமுவதும் எல்லாம் நேற்று மாதிரியேதான் இருந்தன. பத்து. இருபது. முப்பது. உதட்டை இறுக்கிக்கொண்டு குறித்தாள். ஒவ்வொரு பத்துக்கும் காது தானாகப் பதிலுக்குக் காத்திருந்தது. நானூறு தாண்டியது. அறுநூறு. அறுநூற்றுப் பத்து.

பறவைகள் நின்றன.

குத்துவதை நிறுத்தி, எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பின. குடிலைப் பார்த்து. குடிலின் அடியைப் பார்த்து. பிறகு ஒரே வீச்சில் எழும்பி, வந்துகொண்டிருந்த வெள்ளைப் பனிக்குள் போய் மறைந்தன.

அமைதி. காலுக்குக் கீழே, பலகைக்கு அந்தப் பக்கம், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பொறுமையாக. அவள் சொல்வதற்காகக் காத்திருக்கிற மாதிரி.

அவள் நோட்டை எடுக்கவில்லை. தொலைநோக்கியை எடுக்கவில்லை. ஏணியில் இறங்கும்போது அடியில் பார்க்கவில்லை. பாதையில் பனி இறங்கியிருந்தது. முதல் கம்பம் மட்டும் தெரிந்தது. ஓடிக்கொண்டே அக்காவின் எண்ணை அழுத்திக் கைப்பேசியைக் காதோடு அணைத்தாள்.

“அக்கா! அக்கா, எனக்குப் பயமா இருக்கு.”

“சொல்லு.”

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஒண்ணுமே தெரியலைக்கா. கம்பத்தை எண்ணிட்டுத்தான் வரணும். திட்டாம என் கூடவே இரு.”

“எண்ணு. நான் திருப்பிச் சொல்றேன்.”

“ஒண்ணு.”

“ஒண்ணு.”

நடந்தாள். பனி முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. ஐந்து. ஐந்து. ஒன்பது. ஒன்பது. மூச்சு சீராகிவிட்டது. பதினாலில் செருப்புக்கடியில் தண்ணீர் சளசளத்தது. நீர் ஏற இன்னும் நேரம் இருக்கிறதே? பதினாறு. பதினாறு. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

“இருபத்தொண்ணு.”

“இருபத்தொண்ணு.”

“இருபத்திரெண்டு.” கையால் தடவினாள். பாசி. ஈர மரம். மேலே தடவினாள். கீழே தடவினாள்.

சங்கிலி இல்லை.

“இருபத்திரெண்டு,” என்றது காதில் குரல். உறிஞ்சியது.

“அக்கா, இங்க கரை இல்லையே. ஐயா! சங்கிலிக்காரரே!”

பதில் இல்லை. முன்னால், பனிக்குள், இன்னொரு கம்பம். அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

“இருபத்திமூணு.”

“இருபத்திமூணு.”

வெளிச்சம் வேண்டும். டார்ச் போடக் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள். திரையில் எந்த அழைப்பும் இல்லை. அக்காவிடமிருந்து தவறிய அழைப்புகள் ஒன்பது. அதற்குக் கீழே ஒரு செய்தி: ‘கோவிச்சுக்காதடி. அரை மணி நேரமா போடுறேன். ஏன் எடுக்க மாட்டேங்குற?’

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

உறிஞ்சல். கைப்பேசியிலிருந்து அல்ல. நேர் எதிரே.

டார்ச்சை உயர்த்தினாள். இருபத்திமூன்றாவது கம்பத்துக்குத் தோள் இருந்தது. பாசி படிந்த முதுகு. குனிந்த தலை. எதையோ எழுதுகிற மாதிரி முழங்கை மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

அசைவு நின்றது. ஈரமான எதையோ மூடி வைக்கும் சத்தம்.

“கண்ணு வலிக்குதா சின்னவளே? சரி. இப்ப நான் எண்ணுறேன், நீ திருப்பிச் சொல்லு.”

அது திரும்பியது. நீர் சொட்டும் ஒரு கை பனியைக் கிழித்துக்கொண்டு உயர்ந்தது. ஒற்றை விரல் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“ஒண்ணு.”