குரல் பொத்தான்

"கல்யாணம் கட்டிக்கிடுவமான்னு நீதான் கேக்கணும். நான் கேக்க மாட்டேன்" என்றார் சேவியர்.

"சட்டம் வரட்டும்டே. குடுக்க முடியாதத எப்படிக் கேக்க?" என்றார் இசக்கியப்பன்.

முதல் தேர்தலில் வென்ற மறுநாள், படகு எஞ்சின்கள் பழுதுபார்க்கும் சேவியரின் பட்டறையில் நடந்த பேச்சு அது. சேவியர் என் துணை என்று ஒவ்வொரு தெருமுனையிலும் சொல்லித்தான் இசக்கியப்பன் உப்பளத் தொகுதியில் ஓட்டுக் கேட்டிருந்தார். ஐந்து வருடத்தில் சட்டத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று இருவருமே நம்பினார்கள். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

2079-இன் அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் சேவியர்தான் இசக்கியப்பனின் சட்டைக் காலரில் குரல் பொத்தானைக் குத்திவிட்டார். மிளகு அளவுக் கருவி. சட்டப்பேரவையில் அதன் வழியாகத்தான் பேச வேண்டும். அதில் விழுவது மட்டும்தான் அவைக்குறிப்பில் ஏறும். அதற்குள் ஒரு தன்னலத் தடுப்பான் இருந்தது. பேசுகிறவருக்கே ஆதாயம் தரும் பேச்சு என்று கணித்தால் ஒலிபெருக்கிக்குப் போகாமல் குரலை வெட்டிவிடும். வெட்டுப்பட்டவர் பேசாமல் உட்கார்ந்துவிடுவது அவை வழக்கம்.

அவர் பேரவைக்குள் நுழைந்த முதல் வாரமே அதைக் கொண்டுவந்தபோது, முதல் ஆளாகக் கை தூக்கியவர் இசக்கியப்பன். கல்குவாரி முதலாளிகள் குவாரியைப் பற்றிப் பேச எழுந்து வெறும் வாயசைத்து நின்றதைப் பார்த்து மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த வாரம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளச் சட்டம் வேண்டும் என்று பேச எழுந்தார். மூன்றாவது சொல்லில் குரல் போயிற்று. மனைவி மக்களோடு வாழ்கிற உறுப்பினர்கள் கல்யாணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். அது பொதுநலமாம்.

குடிநீர்க் குழாய், உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால ஊதியம், பள்ளிப் பேருந்து என்று எல்லாருக்காகவும் பொத்தான் அவரைப் பேசவிட்டது. அவருக்காக மட்டும் இல்லை.

எழுத்தில் கொடுக்கும் மசோதாவைப் பொத்தானால் தடுக்க முடியாது. ஆறு முறை திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய மசோதா அன்றுதான் வாக்கெடுப்புக்கு வந்தது. சேவியர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்துப் பேசிய உறுப்பினர் குழந்தைவேலு சிரித்துக்கொண்டே தன் மடிதிரையைத் தட்டினார்.

"பதினெட்டு வருஷ அவைக்குறிப்பையும் தேடிப் பார்த்தேன். இந்தச் சட்டம் வேணும்னு ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டதா ஒரு வரிகூட இல்ல. கேக்காத ஆளுக்கு எதுக்குங்க பந்தி?"

அவை சிரித்தது. இசக்கியப்பன் எழுந்து பொத்தானைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிப்பு நின்றது. பொத்தான் இல்லாமல் பேசினால் பதவி போகும் என்பது விதி. பேரவைத் தலைவர் தில்லைநாயகி அதை இருமுறை நினைவூட்டினார்.

"உக்காருங்க. நீங்க பேசறது குறிப்புல ஏறாது."

"ஏறாட்டாப் போகுதும்மா. பதினெட்டு வருசமா உக்காந்தாச்சு."

ஒலிபெருக்கி இல்லாமல் அந்த மண்டபத்தில் யார் குரலும் எட்டாது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பேரவைக்கு வருமுன் அவர் உப்பு வாரியவர். எதிர்காற்றில், அக்கரை வரப்பில் நிற்பவரை வெறுந்தொண்டையால் கூப்பிட்டுப் பழகியவர்.

"போன வருசம் சேவியர் நெஞ்சு வலியில கெடந்தாரு. ஆஸ்பத்திரிப் படிவத்துல என்ன உறவுன்னு கேட்டிருந்த எடத்துல சட்டமன்ற உறுப்பினர்னு எழுதித்தான் உள்ள போனேன். இன்னைக்கு அந்தப் பதவியும் போகப்போகுது. போகட்டும். யாரும் கேக்கலன்னு இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது."

பிறகு அவர் அவையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். சேவியர் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி எழுந்து நின்றிருந்தார்.

"சட்டம் வந்தாலும் வராட்டியும் கேக்கேன் சேவியர். என்னைக் கட்டிக்கிடுதியா?"